பாலோடு போட்ட மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதே, முக்கியமாக அப்பாவுக்கு. பலனில்லை என்று அவர் மாத்திரையை நிறுத்தப் போவதாக நீ எனக்கு எழுதியது தெரிந்தால் உன்மேல்தான் பாய்வார். உன் முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் காலைப் பிரார்த்தனையில் லேசாகத் தலை சுற்றியது, அவ்வளவுதான். விடுதி நர்ஸ் அக்கா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். நம் வீட்டு வழக்கப்படி பாலோடு விழுங்கினேன்.

"ஏண்டி, மாத்திரைக்குப் பால் குடுத்து வளர்க்கிறியா? தண்ணில போடு!" என்று சிரித்தார்.

எனக்கு உடனே அப்பா ஞாபகம் வந்தது. வயிறு புண்ணாகும் என்று அப்பாவின் நடுக்க மாத்திரையையும் நீ பாலோடுதானே கொடுக்கிறாய்? அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி நர்ஸ் அக்காவிடம் கேட்டேன்.

"பால், முட்டை, பருப்போட சேர்ந்தா அது சரியா உடம்புல ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி வெறும் தண்ணில குடுக்கலாமான்னு டாக்டரக் கேக்கச் சொல்லு. திடீர்னு மட்டும் நிறுத்திடக் கூடாது, ஆபத்து."

அம்மா, அந்தப் பால்தான் வழிமறிக்கிறது, பாரேன். நாளைக்கே டாக்டரிடம் போ. அப்பா மறுபடி தையல் மெஷினில் உட்காருவார். படிப்பை விட்டு வரவேண்டியிருக்குமோ என்று நான் இனி அழமாட்டேன்.

என் பழைய போர்வையை உன் புடவையில் சுற்றி அனுப்பு. பார்சல்மேல் முகவரியை அப்பாவே எழுதட்டும். நடுக்க நோயால் அவர் எழுத்து எறும்பாகச் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த பார்சலில் அது கொஞ்சம் பெரிதாகியிருக்கும், நான் அளந்து

வார்டன் கதவைத் தட்டுகிறார்