அம்மா சிரித்த ஒரே படம்

அப்பாவுக்கு மகன் மருதமுத்து கட்டாரிலிருந்து எழுதுவது. மூட்டு வலிக்குக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பழைய பிலிம் கேமரா என்றால் இந்த ஊரே என்னைத்தான் தேடி வரும். போன வாரம் ஒரு ஷேக்கே சலாம் போட்டார்.

கருமாதிக்கு அம்மா படம் கேட்டீங்க. போனைக் கண்டாலே முகத்தை மூடும் அம்மா, நான் லீவில் வந்தபோது என் பிளாஸ்டிக் கேமராவுக்கு மட்டும் சிரித்தாங்க. "வெளாட்டுச் சாமான்தானே, எடுடா"ன்னாங்க.

அந்த பிலிமைக் கழுவுவதற்கு முன் எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். நிறமெல்லாம் வானவில்லாக மாறும் என்ற ஆசை. தோட்டத்தில் ரப்பர் பால் உறைய அசிட் ஊற்றிப் பழகிய கை, அளவு தப்பாது என்று நம்பினேன். மூன்றாம் நாள் நீங்க போன் கோல் எடுத்து, அம்மா போய்விட்டாங்கன்னு சொன்னீங்க. ஓடிப்போய்க் கழுவினேன். முகம் இருந்த இடம் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி உரிந்து வந்துவிட்டது.

மிஞ்சியதை, ஊருக்கு வரும் மஹ்ரூப் நானாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். கருமாதிக்கு அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்குங்க. அம்மாவின் சேலை ஒன்றை எனக்கு எடுத்து வையுங்க. நானா கிளம்பிவிட்டார், முடிக்கிறேன். படத்தில் ரப்பர் பால் வாளியைப் பிடித்த கை மட்டும்தான் இருக்கு. அது அம்மா கைதான் அப்பா, பார்த்ததும் உங்களுக்குத் தெரியும்.