மண் வாளியும் ஒன்றரைப் புருவமும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அக்கா, அவள் மகள் நால்வரும் சுகம். என் இடது புருவத்தில் மட்டும் பாதி சுகமில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், ஆனால் நீ பதறாதே, பதற வேண்டிய செய்தி என்றால் உன் அப்பா எழுதியிருப்பார், நான் எழுதுகிறேன் என்றாலே எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று புரிந்துகொள். நீ சுகமாக இருக்கிறாயா, ராத்திரிச் சாப்பாட்டை ஒரு டீயோடு முடித்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று கதை விடுகிறாயா என்பது எனக்குத் தெரியாது, தெரியாதவரை நான் இப்படித்தான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அக்காவுக்கு வேலை நேரம் மாறிவிட்டதால் அவள் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நம் ரிப்பேர் கடைக்கு வந்துவிடுகிறாள். போன வாரம் அவளுக்கு முன் பல் விழுந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று வாஷர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், நான் பார்க்காமல் அள்ளிக் குழாய் ரிப்பேர்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் மறுநாள் வந்து இந்த அளவு வாஷர் எந்தக் குழாய்க்கும் சேரவில்லையே அக்கா என்று மிகவும் மரியாதையாகப் பல்லைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா ஓய்வு பெற்ற பிறகும் பள்ளி அலுவலகத்துக்குப் போகிற மாதிரியே காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அவர் ஓடி நீ பார்த்திருக்கிறாயா, நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை, செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும், அடுத்த தெருத் தச்சர் மரம் இழைக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மரத்தூள் அடைத்து மோட்டார் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு வீட்டுக் கதவை மாட்டியாக வேண்டும் என்று சொல்லி என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிரில் ஆள் உட்கார்ந்தால் உன் அம்மாவுக்குக் கை எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியும், மின்னல் அக்கா என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். கழற்றினேன், தூளை ஊதினேன், கிண்ணத்துப் பெட்ரோலில் துணியை முக்கி உள்ளே பளபளவென்று துடைத்தேன், மூடினேன், பிளக்கைச் செருகினேன். ஈரம் காயுமுன் ஓட்டிக் காட்டுவதுதானே நம் கடையின் பெருமை, அந்தப் பெருமையோடு சுவிட்சை அழுத்தினேன். மோட்டாருக்குள் கார்பன் கட்டை உரசுகிற இடத்தில் குட்டிக் குட்டியாகப் பொறி பறக்கும், எப்போதும் பறக்கிறதுதான், நீயும் பார்த்ததுதான். அன்றைக்கு உள்ளே பெட்ரோல் ஆவி தங்கியிருந்தது. குப்பென்று காற்றுத் துவாரம் வழியாக நெருப்பு வந்து என் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது. நான் மெஷினைக் கீழே போட்டேன், அது கிண்ணத்தைத் தட்டிவிட்டது, மேஜையெல்லாம் பெட்ரோல், பெட்ரோல் எல்லாம் நெருப்பு.

தச்சர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் அப்பா பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "தண்ணி ஊத்தாதீங்க, நெருப்பு பரவிடும், கரண்டு வேற இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மூலையில் இருந்த மண் வாளியை எடுத்தார். அந்த வாளியை மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கொண்டு வந்து வைத்தபோது நானும் நீயும் எவ்வளவு கிண்டல் செய்தோம், ஸ்க்ரூ டிரைவர் குத்தி வைக்க வசதியாக இருக்கிறது என்று நான்தான் மொத்தத்தையும் அதில் குத்தி வைத்திருந்தேன். அவர் பிடுங்கிக்கொண்டிருக்கவில்லை, அப்படியே கவிழ்த்தார். மண்ணோடு பதினேழு ஸ்க்ரூ டிரைவர்களும் மேஜை மேல் விழுந்தன. நெருப்பு அணைந்துவிட்டது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் துள்ளிப் போய்த் தச்சரின் சட்டைப் பையில் நின்றது, அவர் குடத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்தார். நான் சிரித்துவிட்டேன். அப்பா ஈரத் துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார், கருகிய பாதிப் புருவம் துணியோடு வந்துவிட்டது. பேத்தி பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் அது. இல்லையென்றால் அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

இதை உனக்குச் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். வீடியோ காலில் பேசக் கூப்பிட்டபோது கேமரா கெட்டுப்போச்சு என்று சொன்னது பொய், புருவத்தை மறைக்கச் சொன்னது. ஆனால் அன்று சாயங்காலமே உன் போட்டோ வந்தது. உன் அறையில் தரையில் கிரைண்டரைப் பிரித்துப் போட்டு நீ சிரித்துக்கொண்டிருந்தாய், பக்கத்தில் கிண்ணத்தில் பெட்ரோல், அதை ஒட்டி எக்ஸ்டென்ஷன் போர்டு, பின்னால் தொங்குகிற போர்வை, குளிருக்கு ஜன்னலை வேறு இறுக்கிச் சாத்தியிருந்தாய். கீழே 'அம்மா ஸ்டைல், பத்தே நிமிஷம்' என்று எழுதியிருந்தாய். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தப் போட்டோவைத் தெருவுக்கே காட்டியிருப்பேன். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் கை அப்படியே அவன்கிட்ட இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

உடனே போன் போட்டுக் கிண்ணத்தை வெளியே வை என்றேன், ஏன் என்று கேட்டாய், நாற்றத்தில் தலை வலிக்கும் என்று சமாளித்தேன். இரண்டு வருஷமாக இதே நாற்றத்தில்தான் தூங்குகிறேன் என்று நீ சிரித்தாய். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்லாமல் நீ விடமாட்டாய், என் பிள்ளை அல்லவா, போனில் சொன்னால் நாம் இரண்டு பேரும் சிரித்தே அதைக் கெடுத்துவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன், தனியாக உட்கார்ந்து இரண்டு தடவை படி. பெட்ரோலும் வேண்டாம், பெயின்ட் தின்னரும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டினாலே முக்கால்வாசித் தூள் வந்துவிடும், ஒட்டிக்கொண்டிருப்பதற்கு மோட்டாருக்கென்றே ஸ்ப்ரே விற்கிறார்கள், அதையும் ஜன்னலைத் திறந்து வைத்து அடி, வாடை சுத்தமாகப் போகிறவரை மெஷினைத் தொடாதே. துடைத்த துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் மூடி போட்ட தகர டப்பாவில் போடு. ஒயரில் எங்கேயாவது தோல் உரிந்திருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்கிற வேலையும் வேண்டாம், அதையும் என்னிடம்தான் கற்றுக்கொண்டாய், மாற்றிவிடு.

இங்கே நானும் திருந்திவிட்டேன். துடைத்த மெஷின்கள் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, வருகிறவர்களிடம் நாளைக்கு வாங்க என்கிறேன். தச்சர் இப்போது என்னை 'நாளைக்கு அக்கா' என்று கூப்பிடுகிறார். அவர் கதவை மறுநாள்தான் மாட்டினார், யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லையாம், இத்தனை வருஷம் எதற்குப் பறந்தோம் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா தீயணைக்கிற சிலிண்டர் ஒன்றையும் வாங்கி வாசலோரம் மாட்டி, இதில் பை மாட்டக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். என்னைத் தெரிந்தவர் அல்லவா.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. உனக்குப் பத்து வயது இருக்கும், நான் துடைத்த டிரில்லிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, காய வைக்கக் கூடாதா?" என்று கேட்டாய். காய வைக்க இது என்ன துணியா என்று உன் தலையில் தட்டினேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், அதற்குப் பிறகு நீ அதைக் கேட்கவே இல்லை. நீ சரியாகத்தான் கேட்டாய், எனக்குத்தான் பதில் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். காய வைக்க வேண்டும் கண்ணா.

கை நிறைய வேலையும் வயிறு நிறையச் சாப்பாடும் கவலையில்லாத தூக்கமுமாக நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தக் கிண்ணத்தை அறையிலிருந்து எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து இன்னொரு போட்டோ அனுப்பு, அதைத் தெருவுக்கே காட்டுகிறேன்.

ஒன்றரைப் புருவத்தோடு,
உன் அம்மா