நொபுகோவைப் பற்றி நான் எழுதியது

அக்டோபர் 9, 2018, செவ்வாய்

சபைக் கூடத்து மண்ணெண்ணெய் ஹீட்டர் மறுபடியும் அணைந்துவிட்டது. என் கணவன் லோர்ன் அதைப் பிரித்துத் தரையெல்லாம் பரப்பி வைத்திருந்த நேரத்தில் ஆங்கில வகுப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லோரும் திருகாணிகளைத் தாண்டித் தாண்டி உட்கார்ந்தார்கள். நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்தவனுக்கு ஓய்வு என்றால் வேறு தேசத்துக்குப் போய் அதே வேலையைச் சும்மா செய்வது.

மிஷன் எங்களுக்குக் கொடுத்தது ஏழு மாதம். ஐந்து வாரம் போய்விட்டது. பதினாலு வயதுவரை அப்பாவின் ஊழியத்தால் இந்த ஜப்பானில் வளர்ந்தவள் நான். பேச்சு இன்னும் நாக்கில் இருக்கிறது. லோர்னுக்கு முப்பது சொல் தெரியும். அதில் பாதி சாப்பாடு.

நொபுகோ ஒய்காவா வழக்கம்போல் கடைசியாக, பின்வாசல் வழியாக வந்தாள். எழுபத்திநாலு வயது. பையில் வெங்காயத்தாள் வெளியே தெரிய வைத்திருந்தாள். வகுப்புக்கு வருகிறவள் எதற்குக் காய்கறியோடு வருகிறாள் என்று இன்றுதான் யோசித்தேன்.

அக்டோபர் 14, ஞாயிறு

ஆராதனைக்கு ஒன்பது பேர், எங்களையும் சேர்த்து. சுகாவாரா போதகருக்கு இருமல். பிரசங்கம் சீக்கிரம் முடிந்தது.

எல்லோரும் போன பிறகு நொபுகோ சமையலறையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஆர்டித்-சான், என் வயசுல ஞானஸ்நானம் எடுக்கலாமா?"

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன்.

அவளுக்கு மிஹோ என்று ஒரு மகள். பல வருடத்துக்கு முன்னால் இந்தச் சபையில் நடந்த பாலர் பள்ளியில் படித்தவள். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் இங்கே கற்ற பாட்டையே பாடிக்கொண்டிருந்தாளாம். "அந்தப் பாட்டு எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கத்தான் முதல்ல வந்தேன். அப்புறம் வந்துக்கிட்டே இருக்கேன்." ஆறு வருடமாக வருகிறாள். கணவருக்குத் தெரியாது. மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் பார்த்தவர், இப்போது வீட்டில் இருக்கிறார். அவள் கடைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வெங்காயத்தாள் அதற்குத்தான்.

"அவருக்குத் தெரிஞ்சா?"

"தெரியும்போது பாத்துக்கலாம். இன்னும் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான்."

மாடியிலுள்ள எங்கள் அறைக்கு ஓடி வந்து லோர்னிடம் சொன்னேன். 

அக்டோபர் 17, புதன்

மிஷன் அலுவலகத்திலிருந்து மெயில். ஊரிலுள்ள சபைகளுக்கு நாங்கள் எழுதவேண்டிய ஜெபக் கடிதம் தாமதமாகிறதாம். "புள்ளிவிவரம் வேண்டாம், முகங்கள் வேண்டும். ஒரு ஆத்துமாவின் கதை வேண்டும்."

ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். வகுப்பில் எடுத்த படத்தையும் சேர்த்தேன். அதில் நொபுகோ சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"அவங்ககிட்ட கேட்டியா?" என்றான் லோர்ன்.

"இது நம்ம சபைக்காரங்களுக்குப் போறது. நம்ம ஊர் சஸ்காச்சுவான்ல இருக்கறவங்க யாரு இங்க வந்து சொல்லப்போறாங்க?"

 அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 4, ஞாயிறு

நொபுகோ வரவில்லை. சளியாக இருக்கும்.

நவம்பர் 6, செவ்வாய்

வகுப்புக்கும் வரவில்லை.

நவம்பர் 8, வியாழன்

போதகர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் வாசலிலேயே நின்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மிஷன் அந்தக் கடிதத்தை இணையத்திலும் போட்டிருக்கிறது. படம், ஊர்ப் பெயர், எல்லாம். நொபுகோவின் மகன் செண்டாய் நகரத்தில் இருக்கிறான். அவன் மனைவி ஏதோ தேடப்போய், கைபேசியில் மாமியாரின் முகம் வந்திருக்கிறது. கைபேசியே அதை ஜப்பானிய மொழியில் மாற்றியும் கொடுத்துவிட்டது. மகன் அப்பாவுக்குத் தொலைபேசி செய்திருக்கிறான்.

நான் எழுதிய வரியைப் போதகர் தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தார். என் வரி, அவருடைய சிறிய எழுத்தில்: "விக்கிரகங்களும் இருளும் நிறைந்த வீட்டிலிருந்து ஒரு தாய் வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள்."

அந்த வீட்டுக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

நவம்பர் 9, வெள்ளி

தூக்கமில்லை. அவ என்கிட்ட மட்டும்தானே சொன்னா. யார்கிட்டயும் சொல்லலன்னு சொன்னாளே. காதுல விழுந்துச்சு, விழுந்தும் எழுதினேன். எதுக்கு? நல்ல கடிதம்னு நாலு பேர் சொல்லணும்னா? ஆமாம், அதுக்குத்தான். வேற என்ன.

லோர்ன் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கடிதத்தை எடுக்கச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதினேன். எடுத்துவிட்டார்கள். "மிகவும் வரவேற்பைப் பெற்ற கடிதம்" என்று வருத்தத்தோடு பதில்.

நவம்பர் 10, சனி

மன்னிப்புக் கேட்கப் போனேன். போதகர் கூட வந்தார். நல்ல கடையில் வாங்கிய பயறு இனிப்புப் பெட்டி ஒன்று கையில்.

நொபுகோவின் கணவர் ஒய்காவா கதவைத் திறந்தார். குட்டையான, அகன்ற மனிதர். விரல் இடுக்குகளில் எண்ணெய்க் கறுப்பு இன்னும் போகவில்லை. நான் குனிந்து, மனப்பாடம் செய்துவைத்த மரியாதை வார்த்தைகளை எல்லாம் சொன்னேன். முடிக்கும்வரை கேட்டார்.

"எங்க வீடு இருட்டாம்மா?" என்றார். "லைட்டு போட்டுத்தான் வெச்சிருக்கேன்."

போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒய்காவா அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அவ செத்தா எங்க கொண்டுபோய் வெப்பீங்க? எங்க குடும்பக் கல்லறை கோயில்ல இருக்கு. எங்க பொண்ணு அங்க இருக்கா. நான் அங்கதான் போவேன். உங்க தண்ணில முங்கினவளை அங்க சேர்ப்பாங்களா? நீ மார்ச்ல ஊருக்குப் போயிடுவ. அப்புறம்?"

என்னிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிய வசனங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை. உள்ளே நடையின் கோடியில் நொபுகோவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவள் முன்னால் வரவில்லை.

இனிப்புப் பெட்டியை அவர் வாங்கவில்லை. அதைச் சுமந்துகொண்டே போதகரும் நானும் திரும்பி நடந்தோம்.

டிசம்பர் 9, ஞாயிறு

முதல் பெரிய பனி. ஆராதனைக்கு ஆறு பேர்.

லோர்ன் சபை வாசலைச் சுத்தம் செய்துவிட்டு அப்படியே தெருவில் மேலே போயிருக்கிறான். நாலாவது வீடு ஒய்காவா வீடு. அங்கும் அள்ள ஆரம்பித்ததும் அவர் வெளியே வந்து கத்தியிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடினேன்.

"வாய்க்கால்ல தள்ளச் சொல்லு. சுவர் பக்கம் குவிச்சா இளகி வீட்டுக்குள்ள வரும். பனியே பாக்காத ஊரா இவருக்கு?"

நான் மொழிபெயர்த்தேன். லோர்ன் பனி அள்ளும் பலகையைத் தரையில் ஊன்றினான்.

"எங்க ஊர்ல மைனஸ் நாப்பதுன்னு சொல்லு அவர்கிட்ட."

சொன்னேன். ஒய்காவா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"குளிர் வேற, பனி வேற. அங்க காஞ்ச பனியா இருக்கும், ஊதினா பறக்கும். இது ஈரம். இடுப்பு போயிடும்னு சொல்லு."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக அள்ளினார்கள். எனக்கு அங்கே வேலையில்லை என்று தெரிந்தது. வந்துவிட்டேன்.

டிசம்பர் 10, திங்கள்

லோர்னுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இதை ஒய்காவாவிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் ஆராதனை. மெழுகுவர்த்தி, பாட்டு, பதினோரு பேர். நொபுகோ இல்லை. அவளை எங்கேயும் பார்க்க முடியவில்லை. கடைக்கு இப்போது அவர்தான் போகிறாராம்.

ஜனவரி 19, 2019, சனி

இன்றைக்கு டாரல் போய்ப் பதினெட்டு வருடம். எங்கள் மகன். இருபத்திரண்டு வயது, பனியில் லாரியோடு மோதினான். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் லோர்ன் படுக்கையை விட்டு எழமாட்டான். பேசவும் மாட்டான். நானும் கேட்பதில்லை.

பனி அள்ள நான்தான் போனேன். சபை வாசல், பிறகு தெரு, அப்படியே மேலே. ஒய்காவா அவர் பக்கத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு மாதத்தில் என்னிடம் அவராகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"எங்க உன் ஆளு? இடுப்பா?"

"இல்ல. இன்னைக்கு எங்க பையன் இறந்த நாள். எழுந்திருக்க மாட்டார்."

அவர் அள்ளுவதை நிறுத்தினார். எத்தனை வயது என்று கேட்டார். எப்படி என்று கேட்டார். அப்புறம், "எங்க வெச்சிருக்கீங்க?"

"எங்க ஊர் சபைத் தோட்டத்துல. பக்கத்துல ரெண்டு இடம் வாங்கி வெச்சிருக்கோம், எனக்கும் அவருக்கும். கல்லுல எங்க பேரும் இப்பவே வெட்டியாச்சு. தேதி மட்டும் பாக்கி."

"வேற இடத்துல வெச்சா?"

யோசிக்காமல் சொன்னேன். "விடமாட்டேன். வேற எங்கயும் நான் படுக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் எதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. நவம்பரில் அவர் வாசலில் வைத்துக் கேட்டதற்கு. வசனமெல்லாம் தெரிந்தவள் நான். உயிர்த்தெழுதலை நம்புகிறவள். ஆனாலும் என் பையனை விட்டு ஒரு அடி தள்ளிப் படுக்கச் சம்மதிக்கமாட்டேன். அவரும் அவ்வளவுதானே கேட்டார்.

"அன்னைக்கு உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல," என்றேன். "இன்னைக்கும் தெரியல. நீங்க பயப்படறது சரிதான்."

அவர் பலகையைச் சுவரில் சாத்தினார். "உள்ள வா. கால் நனைஞ்சிருக்கு."

உள் அறையில் இறந்தவர்களுக்கு வைக்கும் பீடம், கறுப்பு அரக்குப் பூசியது, இரண்டு கதவும் திறந்திருந்தது. புதுப் பூ. ஒரு கிண்ணத்தில் ஆவி பறக்கும் சோறு. சின்னச் சட்டத்துக்குள் படத்தில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி. மிஹோ. பீடத்துக்குள் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டிலேயே வெளிச்சமான இடம் அதுதான்.

நொபுகோ தேநீர் கொண்டுவந்தாள். மெலிந்திருந்தாள். நான் தரையில் தலை படும்படி குனிந்தேன். அவள் என் தோளைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"கோவம்தான்," என்றாள். "ரொம்பக் கோவம். டீ ஆறிடும், குடிங்க."

குடித்தேன். ஞானஸ்நானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கிளம்பும்போது ஒய்காவா உறைய வைத்த மீன் ஒரு பொட்டலம் கொடுத்தார். "உன் ஆளுக்கு. இன்னைக்குச் சாப்பிட மாட்டான்ல, நாளைக்குக் கொடு."

ஜனவரி 20

லோர்ன் மீனைச் சாப்பிட்டான். யார் கொடுத்தது, என்ன நடந்தது எல்லாம் சொன்னேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "டாரலைப் பத்தி நீ வெளியாள்கிட்ட பேசினதே இல்லையே" என்றான்.

பிப்ரவரி 12, செவ்வாய்

நொபுகோ வகுப்புக்கு வரவில்லை. நான் கேட்கவும் போகவில்லை. மிஷனிலிருந்து மெயில்: நீங்கள் கிளம்புவதற்குள் அந்தத் தாயின் ஞானஸ்நானம் நடக்குமா, நடந்தால் வீடியோ எடுக்க முடியுமா?

லோர்னிடம் வாசித்துக் காட்டினேன்.

"நாம போற தேதி அவங்களுக்கு என்னத்துக்கு?" என்றான். அதையே கொஞ்சம் மரியாதையாக்கிப் பதில் எழுதினேன்.

பிப்ரவரி 27, புதன்

ஒய்காவா வந்தார். சபைக்கு! முன்வாசல் வழியாக, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. போதகரும் நானும் சமையலறையில் உட்கார வைத்தோம். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கோயிலுக்குப் போயிருந்தேன். முங்கினாலும் அவளை எங்க கல்லறையில சேர்ப்பீங்களான்னு குருக்களைக் கேட்டேன். மூணு தடவை போனேன். முதல் தடவை முடியாதுன்னார். ரெண்டாவது தடவை யோசிக்கணும்னார். நேத்து சொன்னார், சடங்கு நம்ம முறைப்படிதான் நடக்கணும், சாம்பலை யாரு பக்கத்துல வெக்கிறதுங்கறது உங்க குடும்பம் பாத்துக்கட்டும்னு. எழுதி வாங்கிட்டேன்."

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கோயில் முத்திரை இருந்தது.

"பையன் இன்னும் கோவமாத்தான் இருக்கான். அவனை நான் பாத்துக்கறேன்." தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். "ஆனா குளிர்ல வேண்டாம். அவளுக்கு நுரையீரல் பலவீனம். ஜூன்ல வெச்சுக்கங்க. தண்ணியைச் சுட வைங்க."

போதகர் என்னைப் பார்த்தார். ஜூனில் நாங்கள் இருக்கமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். "ஜூன் நல்ல மாசம்" என்றேன்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "நான் வரமாட்டேன். அதையும் சொல்லிடறேன்."

மார்ச் 13, புதன்

மேடைப் பலகையைத் தூக்கினால் கீழே ஞானஸ்நானத் தொட்டி. ஒன்பது வருடமாக யாரும் திறக்கவில்லை. மூலையில் வெடிப்பு, அடியில் செத்த பூச்சிகள். லோர்ன் உள்ளே இறங்கி மூன்று நாளாகப் பூசிக்கொண்டிருக்கிறான். ஒய்காவா சரக்கு வண்டியில் படகுக்குப் பூசும் பசையைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேரும் தொட்டிக்குள் உட்கார்ந்து விரலால் காட்டிக் காட்டிச் சண்டை போடுகிறார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

எங்கள் கடைசி ஆராதனை. நொபுகோ முன்வாசல் வழியாக வந்தாள். பையில் பைபிள் மட்டும். நாலு வீடு தள்ளித்தான் என்றாலும் ஒய்காவா அவளை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதிலேயே வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 28

கிளம்பினோம்.

ஜூன் 10, திங்கள், வீடு

மழை. லோர்ன் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். போதகர் தொலைபேசியில் கூப்பிட்டார். நேற்று நொபுகோ ஞானஸ்நானம் எடுத்துவிட்டாள். தொட்டி ஒழுகவில்லையாம், முதலில் அதைச் சொல்லச் சொன்னாராம் ஒய்காவா.

அவர் வந்திருக்கிறார். கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல். நொபுகோ தண்ணீரிலிருந்து எழுந்ததும் போதகரின் மனைவி துண்டோடு போயிருக்கிறாள். ஒய்காவா எழுந்து முன்னால் நடந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டைப் பிரித்து, "தலையை நல்லாத் துவட்டு, சளி பிடிக்கும்" என்று அவரே போர்த்திவிட்டாராம். அங்கிருந்து நேராகக் கல்லறைக்குப் போயிருக்கிறார்கள். மிஹோவிடம் சொல்ல.

தோட்டத்துக்குப் போய் லோர்னிடம் சொன்னேன். குச்சியைப் பிடித்தபடியே கேட்டான். பிறகு அதை மண்ணில் அழுத்தி ஊன்றினான்.

சாயங்காலம் மிஷனின் முடிவறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "செய்த பணிகள்" என்ற இடத்தில் ஆங்கில வகுப்பு, பனி அள்ளியது, ஹீட்டர், தொட்டி என்று எழுதினேன். "உங்கள் ஊழியத்தால் ஞானஸ்நானம் பெற்றோர், பெயர், சாட்சி" என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன்.

லோர்ன் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தான். "சரி, அனுப்பு" என்றான்.