காலை 7.12-க்கு விழுந்த ஓட்டு

இன்று காலை வகுப்பில் யாரோ காலுக்குத் தைலம் தேய்த்தார்கள். ஆழ்வார்பேட்டை மாடி அறையில் ஒரு ஜன்னல் திறக்காது, உனக்குத் தெரியும். வாசனை அப்படியே நின்றுவிட்டது. தேர்தல் நேரத்தில் நம் கோரிக்கையை எப்படிப் பரப்புவது என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றேன். திரும்பினால் நீ தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய் என்று ஒரு கணம் நம்பினேன். திரும்பாமலே மீதியை எழுதி முடித்தேன்.

முதல் தடவை வந்தபோதும் நீ அப்படித்தான் உட்கார்ந்தாய். நான் நாற்காலியைக் காட்டினேன். "நாள் பூரா நிக்கிறவளுக்கு நாற்காலி பத்தாது மேடம், தரைதான் வோணும்" என்று சொல்லிவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு தைலம் தேய்த்தாய். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. தி.நகர் ஜவுளிக்கடையின் நாலாவது மாடி, பட்டுப் பிரிவு, பதினோரு வருஷம். நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. நானோ ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகைக் கெடுத்துக்கொண்டு, விருப்ப ஓய்வு வாங்கி, கடைப் பெண்கள் சங்கத்தில் வகுப்பெடுக்க வந்தவள். "உனுக்கு ஒக்காந்து வலி, எனுக்கு நின்னு வலி. நல்ல ஜோடி" என்று சிரித்தாய். அன்றைக்கே 'மேடம்' போய் 'யம்மா' வந்துவிட்டது.

கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. உங்கள் மாடியிலும் நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். யாராவது உட்கார்ந்தால் கேமராவில் தெரியும். சூப்பர்வைசர் வந்து, "கால் வலியாம்மா? வீட்லயே இருந்து ரெஸ்ட் எடுத்துக்கறியா?" என்று அன்பாகக் கேட்பார். அந்த அன்புக்குப் பயந்து ஒருத்தியும் உட்காரவில்லை. கொஞ்ச நாளில் ஸ்டூல்களின் மேல் புடவைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

நம் சங்கத்தில் எதைச் செய்வதானாலும் ஓட்டெடுப்பு உண்டு. ஒரே அளவுத் துண்டுச்சீட்டு, டிக் மட்டும், பெயர் கிடையாது. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டு, நீதான் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் பின்சந்து டீக்கடைக்குப் போவாய். டீ குடிக்க ஒவ்வொருத்தியாகத்தான் வெளியே விடுவார்கள், வந்தவள் சீட்டைப் போட்டுவிட்டுப் போவாள். ஒரு கடை முடிய பத்து நாள் ஆகும். எனக்கு அந்தப் பத்து நாள் பொறுக்காது.

அந்த வருஷம்தான் நான் சமூக ஊடகப் பயிற்சி என்று மூன்று நாள் போய்விட்டு வந்தேன். வந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் கடைப் பெண்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன், படம் போட்டேன், பத்து செகண்ட் வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். நோட்டீஸ் கொடுக்கிற காலம் மலையேறிவிட்டது என்று வகுப்பிலேயே சொன்னேன். அப்போது தேர்தலும் வந்தது. வேட்பாளர் ஒருவர் தி.நகர்த் தெருக்களில் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அவருடைய முகத்துக்கு நேரே நாலைந்து போன்கள் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தன. அவருடைய ஐ.டி. அணிப் பொறுப்பாளர், என் வயதுக்காரர், என்னிடம் சொன்னார்: "நாற்காலி மேட்டர் நல்ல மேட்டர் மேடம். உங்க பின்னாடி எத்தன பேருன்னு போன்ல காட்டுங்க, தலைவர் பேசிடுவார்."

நான் குரூப்பிலேயே ஓட்டெடுப்பைப் போட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பத்து நிமிஷம் உட்காரலாமா, வேண்டாமா. அதற்கு முதல் நாள் உன்னிடம் சொன்னபோது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டப்பா இன்னா ஆச்சு?"

"அதெல்லாம் எதுக்கு இனிமே? பத்து நாள் வேலை பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கேள்வி போனது. பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. குரூப்பிலிருந்த ஐம்பது பேரும் பார்த்துவிட்டார்கள், ஒருத்தியும் தொடவில்லை. ஏழு பன்னிரண்டுக்கு 'உட்காரலாம்' என்று ஒரு ஓட்டு விழுந்தது. உன்னுடையது. அதற்குப் பிறகு கடகடவென்று விழுந்தன, மத்தியானத்துக்குள் நாற்பத்தொன்று. நான் சந்தோஷத்தில் சமையலறையில் தனியாகக் கை தட்டினேன். ஓட்டு விழுந்த இடத்தைத் தொட்டால் யார் யார், எத்தனை மணிக்கு என்று பட்டியல் விரிந்தது. அதைப் படம் பிடித்து, எல்லாம் நிஜமான ஆட்கள்தான் பாருங்கள் என்று அந்தப் பொறுப்பாளருக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை அந்தப் பட்டியல் உங்கள் மேனேஜரின் போனில் இருந்தது. குரூப்பிலிருந்த யாராவது கொடுத்தார்களோ, அந்தப் பொறுப்பாளர் வழியாகப் போனதோ, இன்றுவரை தெரியாது. நான் ஒருவருக்குக் கொடுத்தேன் என்பது தெரியும்.

நேர வரிசையில் கூப்பிட்டார்களாம். எல்லோரும் கை தவறிப் பட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன்னையும் அப்படியே எழுதச் சொன்னார்கள். நீ எழுதவில்லை. "கை தவறல சார், தெரிஞ்சிதான் அமுக்கினேன்" என்று சொன்னதாகப் பிறகு உன் கூட நின்றவள் அழுதுகொண்டே சொன்னாள். அன்று நாலு மணிக்கு அந்த மாடியில் யாரும் உட்காரவில்லை. நீ அதற்கு முன்பே வேலை போய் வெளியே வந்து, வீட்டுக்குப் போகிற மயிலாப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய்.

வேட்பாளர் ஜெயித்தார். நாற்காலியைப் பற்றி அவர் உருக்கமாகப் பேசிய வீடியோ இன்னும் அவர் பக்கத்தில் இருக்கிறது. அதை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். நானும் அதைப் பகிர்ந்திருந்தேன், வெட்கமில்லாமல்.

உன் பெயர் கடைக்குக் கடை போயிருந்தது. எங்கேயும் சேர்க்கவில்லை. கே.கே. நகரில் இரண்டு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாய், அங்கேயும் நின்றபடிதான். காலில் புண் வந்ததை மறைத்தாய். ஏற்கெனவே சர்க்கரை. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது புண் முழங்காலை நெருங்கியிருந்தது.

அங்கேதான் கேட்டேன், பட்டியலில் பெயர் தெரியும் என்று உனக்குத் தெரியுமா என்று.

"தெரியாம இன்னா? என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு இன்னா கலர் பொடவன்னு ஊட்டு குரூப்புல இதே மேரிதான் போட்டா. யாரு இன்னாத்த அமுக்கினாங்கன்னு டைமோட காட்டிச்சு. ஒரே சண்ட."

"அப்ப எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லையா?"

"டப்பா இன்னா ஆச்சுன்னு கேட்டேனே. நீ காதுலயே வாங்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "நீ அம்மாம் ஆசையா போட்டுட்டு பாத்துக்கினு கீற. ஒருத்தியும் அமுக்கலன்னா உன் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சிக்குவ?"

அன்று நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ என்னை அதட்டினாய். நாலாம் நாள் நீ இல்லை.

இரண்டு வருஷமாக ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கதையைச் சொல்கிறேன். தப்புச் செய்தவள் நான்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லோரும் என்னை நேர்மையானவள் என்று நினைக்கிறார்கள். ஆனால் நீ வேலையை இழந்ததோடு கதையை நிறுத்திவிடுவேன். ஆஸ்பத்திரியை ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள் என்ற பயம்.

இன்றும் அங்கேயே நிறுத்திவிட்டு, சங்கக் கமிட்டிக்கு ஆள் சேர்க்கிற படிவங்களை மேஜையில் வைத்தேன். எல்லோரும் கடைக்குக் கிளம்பியபோது ரெடிமேட் பிரிவில் வேலை செய்கிற ஒருத்தி மட்டும் நின்றாள். தென்காசிப் பக்கம், இரண்டு பிள்ளைகள், கோடம்பாக்கத்தில் வாடகை வீடு. "அந்தக்கா இப்ப எங்க மேடம் வேல பாக்காவ?" என்று கேட்டாள்.

"கே.கே. நகர்ல. நல்லா இருக்காங்க" என்றேன்.

'நல்லா இருக்காங்க' என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சரி மேடம். எம் பேரையும் கமிட்டியில எழுதிக்கிடுங்க" என்று, நின்றபடியே படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன். நாளைக் காலை அவள் கடைக்குக் கிளம்புமுன் கோடம்பாக்கம் போய், நீ செத்துப்போனதையும் எப்படிச் செத்தாய் என்பதையும் சொல்லப் போகிறேன். கிழித்துவிடச் சொன்னால் அவள் கண்ணெதிரே கிழிப்பேன். ஆனால் உன்னிடம் ஒளிக்க முடியாது. எல்லாவற்றையும் கேட்ட பிறகும் அவள் 'பேர் இருக்கட்டும் மேடம்' என்று சொல்ல வேண்டும் என்றுதான் மனசு இப்போதும் ஆசைப்படுகிறது. எனக்கு என்னை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.