மூடிமேல் கங்கு

20-12-1961, புதன். சிவகாசி.

கிறிஸ்துமஸுக்குக் கொய்யாப்பழக் கூழை மாவுக்கு நடுவே வைத்துக் கேக் துண்டுகள் சுட்டேன். மேலே தூவும் மாவில் ஓமவல்லி இலையை அரிந்து போட்டு, சட்டி மூடிமேல் கங்கு பரப்பியிருந்தேன். பட்டாசுக் கம்பெனியிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு மாரியம்மா மணம் பிடித்து வாசலில் நின்றாள்.

"உள்ள வா, சூடா ஒண்ணு தின்னு பாரு."

"குளிச்சிட்டு வாரேன் டீச்சர்."

சாதிக் கூச்சம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். "எங்க வீட்ல அதெல்லாம் பாக்குறதில்ல" என்று கையைப் பிடித்து அடுப்படிவரை இழுத்துவிட்டேன். உதறிவிட்டு வெளியே ஓடினாள்.

"சீலை பூரா வெடிமருந்து டீச்சர். ஒரு பொறி போதும், ரெண்டு பேரும் போயிருப்போம்."

பெரிய மனசு எனக்கு. துண்டுகளை இன்னும் யாரும் தொடவில்லை. மூன்று தடவை கழுவியும் அவள் கையிலிருந்து ஒட்டிய வெள்ளிப்பொடி உள்ளங்கையில் மினுங்குகிறது. விளக்கை எட்டத் தள்ளி வைத்திருக்கிறேன். எழுதுவது எனக்கே தெரியவில்லை.