சொன்னவரைத் திட்டக் கூடாது

அக்டோபர் 6, திங்கள்

பேத்தி எழில்மொழி இரண்டு நாள் லீவில் நன்னிலம் வந்திருக்கிறாள். வந்ததும் கேஸ் டியூபை மோந்து பார்த்தாள், மோட்டார் கொட்டகை ஒயரைத் திட்டினாள். விமானக் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. வீட்டுக்கு வந்தாலும் கண் அங்கேதான் போகும். நான் படித்தது அஞ்சாவது. என் பேத்தி விமானத்தையே நிறுத்தி வைக்கிறவள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் இதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடிவதில்லை.

ஆனால் பிள்ளை முகம் சரியில்லை. அவள் ஒரு திட்டம் கொண்டுவந்தாளாம். வேலையில் தப்புப் பண்ணியவர் ஒரு நாளைக்குள் தானே எழுதிக் கொடுத்தால் தண்டனை கிடையாது. முன்பெல்லாம் மாதம் நாலைந்து சீட்டு வருமாம், இப்போது அறுபது. நீ வந்த பிறகுதான் தப்பு பெருகிவிட்டது என்கிறாராம் மேனேஜர். ஒவ்வொரு சீட்டுக்கும் சோதனை போடுவதில் விமானம் நேரத்துக்குக் கிளம்புவது குறைந்துவிட்டது. இருபத்தெட்டாம் தேதி கூட்டத்தில் திட்டம் இருக்குமா போகுமா என்று முடிவு. போனால் இவளையும் வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

"தண்டனை இல்லேன்னா எவன் பயப்படுவான்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பயந்தா மறைப்பாங்க தாத்தா."

எனக்குப் பாதிதான் புரிந்தது. முழுதும் புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அக்டோபர் 7

திட்டத்தை வீட்டில் வைத்துப் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் தப்பைச் சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். இவர் சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டார். போன வாரம் யூரியா போட்டோமே, அன்று சாயங்காலம் மேகம் கறுத்ததைப் பார்த்துத் தண்ணி வடியட்டும் என்று மடையைத் திறந்துவிட்டாராம். மழையும் வரவில்லை, மடையை மூடவும் மறந்துவிட்டார்.

அதுதான் நம் வயல் வெளுத்துக் கிடக்கிறது, யூரியாத் தண்ணியெல்லாம் வடிந்த கீழ் வயல் முருகையனுடையது கரும்பச்சை. நாலு நாளாக முருகையன் என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு அர்த்தம் இப்போதுதான் —

கத்திவிட்டேன். நாலு வீடு கேட்கக் கத்தினேன். இவருக்கு வீரையன் என்று பேர் வைத்தவர்களையும் விடவில்லை. எழில்மொழி தட்டை எடுத்துக்கொண்டே, "இனிமே தாத்தா உங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டாரு அப்பாயி" என்றாள்.

சொல்லாமல் எங்கே போவார்?

அக்டோபர் 8

பிள்ளை சென்னைக்குக் கிளம்பிவிட்டாள். இவர் இன்று முழுவதும் பேசியது இரண்டே வார்த்தை. சோறு, தண்ணி.

அக்டோபர் 18, சனி

நம்மிடம் நெல் எடுக்கும் கூத்தாநல்லூர் கலந்தர் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து போன் போட்டார். சிங்கப்பூர் விமானம் நாலு மணி நேரமாக நிற்கிறதாம், தீபாவளிக் கூட்டம் வேறாம். உங்க பேத்தி கம்பெனிதானே, கொஞ்சம் கிளப்பச் சொல்லுங்க என்றார். விசாரிக்கிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி வைத்தேன்.

விசாரித்தால், நிறுத்தியதே இவள்தான். சாமான் ஏற்றுகிற ஒருவர் வண்டியை விமானத்தில் லேசாக இடித்துவிட்டுத் தானே வந்து சொன்னாராம். சோதித்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததற்கு நாலு மணி நேரமா, அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பு என்கிறார் மேனேஜர். அவரை அனுப்பினால் நானும் வரமாட்டேன் என்று இவள் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஏன்டி இப்படிப் பண்ணினே? எத்தனை பேர் கண்ணு வச்ச வேலை. இனி நான் பஸ்ஸில் என்னத்தைப் பேசுவது?

அக்டோபர் 23

வயலுக்குப் போனேன். வாய்க்கால் மூலையில் இலையெல்லாம் சுருண்டு வெள்ளை வெள்ளையாக. இலைச்சுருட்டுப் புழு. ஒரு மா, கால் ஏக்கருக்கு மேலேயே பரவியிருக்கிறது. இவருக்குத் தெரிந்து பத்து நாளாகிறதாம். அப்போது இரண்டு பாய் விரிக்கிற அகலம்தான் இருந்ததாம்.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா கத்துவ."

வரப்புலயே உக்காந்துட்டேன். அப்பவே பாத்திருந்தா ஒரு டேங்க் மருந்தோட போயிருக்கும். நான் கத்தினது யூரியாவுக்கு. போனது நெல்லு.

சாயங்காலம் எழில்மொழிக்குப் போன் செய்து ஒன்றையும் விடாமல் சொன்னேன். இதைக் கூட்டத்தில் சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல்லிக்கோ, பேரை மட்டும் சொல்லாதே என்றேன். எங்க திட்டத்துல யார் பேரும் வெளிய வராது அப்பாயி என்று சிரித்தாள். சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிறது.

அக்டோபர் 28

மூன்று மணிக்குப் போன் வந்தது. நம் வயல் கதையைச் சொல்லிவிட்டுப் போன வருஷத்துச் சங்கதி ஒன்றையும் எடுத்து வைத்தாளாம். யாரோ இடித்துவிட்டு, வேலை போய்விடும் என்று பயந்து சொல்லாமல் போன விமானம். சேதம் பின்னால் தெரிந்து, பத்தொன்பது நாள் பறக்காமல் கிடந்ததாம். திட்டம் வந்த பிறகு அப்படி ஒன்றுகூட இல்லை. நாலு மணி நேரமா, பத்தொன்பது நாளா, நீங்களே சொல்லுங்கள் என்று உட்கார்ந்துவிட்டாளாம்.

அந்த ஆளுக்கு வேலை இருக்கிறது. திட்டமும் இன்னும் ஒரு வருஷம் இருக்கும். நேரத்துக்குக் கிளம்பாத பழிக்கு இவளுக்கு இந்த வருஷம் சம்பள உயர்வு மட்டும் கிடையாது. அதைச் சொல்லும்போது குரலில் வருத்தமே இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்த மேனேஜர், அந்த வயல்காரம்மா யார் என்று கேட்டாராம். இவள் சொல்லவில்லையாம். சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அக்டோபர் 30

மழை. இவர் வயலிலிருந்து சேறும் சகதியுமாக வந்து நிலைப்படியில் நின்றார். உட்காருங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாம் என்றேன்.

"இல்ல, மொதல்ல சொல்லிடுறேன்" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.