என் பேருக்குக் குரல் கொடுத்தது யார்

ஜூன் 4, செவ்வாய்

பேங்க் தெருவில் குண்டு வெடித்துக் கண்ணாடி கொட்டிய வருடம். கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வந்த வருடம். மழை பொய்த்து, கரண்டை மணிக்கணக்கில் வெட்டுகிற வருடம். நான் செத்ததும் இந்த வருடம்தான். எழுதி வைக்கிறேன், வேறு யாரும் எழுதப்போவதில்லை.

இன்றும் வானம் மூடிக்கொண்டு நிற்கிறது. பெய்யவில்லை. புழுக்கம்.

மாத்திரை: காலை ரெண்டு, போட்டாயிற்று. உப்பு முடிந்தது. படி ஏறக்கூடாது என்றார் டொக்டர். கொடியில் துணி இருந்தது, ஏறினேன்.

பள்ளிக்கூடம் போனவன் இல்லை நான். பெண்சாதி உயிரோடு இருந்தபோது பேப்பரில் மரண அறிவித்தலைக் காட்டி எழுத்துக் கூட்டப் பழக்கினாள். ‘அமரர்’ என்ற சொல் மட்டும் கை தானாக எழுதும். மற்றதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். நேரம்தான் இருக்கிறதே.

மருமகள் ராணி காலை ஆறு மணிக்கே தையல் வேலைக்குப் போய்விட்டாள். சாயந்தரம் வரை இந்த அறையும் நானும். அவள் வாசலில் நின்று சொன்னது: “மாமா, ஞாயித்துக்கிழமை அண்ணன் ஹட்டன்ல இருந்து வருது. ஃபாரத்தில கையெழுத்து வாங்கிட்டுத்தான் போவேன்னு சொல்லுது.”

ஃபாரம் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. என் மகன் சந்திரன் இறந்துவிட்டான் என்று எழுதித்தரும் ஃபாரம். போன வருடம் சித்திரை கழிந்து சைக்கிள் டியூப் வாங்க கிராண்ட்பாஸ் போனான். வரவில்லை. ஜீப்பில் ஏற்றினதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பிறகு பார்க்கவில்லை என்றும் அவரே சொன்னார். எத்தனை இடத்தில் பெயர் கொடுத்தோம். ஒரு லிஸ்டிலும் இல்லை.

ராணி கையெழுத்துப் போட்டால் பொட்டை எடுக்க வேண்டும், கருமாதி செய்ய வேண்டும், அண்ணனோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம். முப்பது வயதுகூட ஆகவில்லை அவளுக்கு. பாவம்.

போடாமல் இருப்பது நான் சொன்ன ஒரு சொல்லால்.

ஜூன் 5, புதன்

பகல் முழுக்க கரண்ட் இல்லை. ரேடியோ இல்லை. நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், பிறகு ஆட்கள் கேட்டுக் கேட்டு எனக்கே மாறிப்போகும்.

மே மாதம் 20, திங்கள். குழாயடியில் விழுந்தேன். பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஆள் இல்லை என்றார்கள். நெஞ்சில் அடித்து, தொண்டையில் குழாய் விட்டு இழுத்து எடுத்தார்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில், நான் மூட்டை தூக்கின துறைமுகத்தின் கேட்டில் நின்றேன்.

வெளிச்சம் கிளிச்சம் ஒன்றும் இல்லை. விடியற்காலை, தூறல். கயிறு வாசம், நனைந்த கோதுமை மா மூட்டை வாசம். எங்கள் கேங் வரிசையில் நின்றது. சூசைக் கங்காணி பென்சிலை நாக்கில் தொட்டுப் பேர் கூப்பிட்டான். கறுப்பையா. ஹமீது. வேலு. ஜினதாச. கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவனும் “இன்னவா” என்றான். இருக்கிறேன் என்பதற்குச் சிங்களம். தமிழன், முஸ்லிம், சிங்களவன் எல்லாருக்கும் கேட்டில் அதுதான் பதில்.

பிறகு “பெருமாள்!” என்றான். என் பேர்.

வாய் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. கங்காணி ரெண்டாம் தரம் கூப்பிட்டான். மூன்றாம் தரம் கூப்பிட்டால் பேரை வெட்டிவிடுவான். அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: “இன்னவா.”

அது எங்கள் கேங்கில் பழைய வேலை. ஒருத்தன் பிந்தினால் இன்னொருத்தன் அவனுக்குக் குரல் கொடுப்பான். பேருக்கு நேரே புள்ளி விழுந்துவிடும், ஆள் கேட்டுக்கு வெளியே இருந்தாலும் உள்ளே இருக்கிற கணக்கு. அதற்கு ஒரு சட்டம் உண்டு. யார் குரல் கொடுத்தாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கங்காணி பிடித்துக்கொள்வான். எல்லாரும் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

நானும் நிலத்தைப் பார்த்தேன். முப்பது வருடப் பழக்கம், செத்த இடத்திலும் விடவில்லை. பக்கத்தால் ஒரு ஆள் நடந்து உள்ளே போனது. காலை மட்டும் கண்டேன். முழங்கால் வரை கோதுமை மா. யார் கால் என்று சொல்ல முடியாது.

கேட் மூடியது. கண் விழித்தால் நர்ஸ் பிள்ளை என் கன்னத்தில் தட்டுகிறாள்.

ராணியிடம் சொன்னது: கேட்டில் நின்றவன் எல்லாம் செத்தவன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சந்திரன் அங்கே இல்லை. பொய் இல்லை. குரல் கொடுத்தவன் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

குரலைச் சொல்லவில்லை.

அவள் புத்திக்காரி. அன்றைக்கே கேட்டாள்.

“அத்தை இருந்தாங்களா மாமா?”

“இல்ல.”

“அத்தை செத்து பதினோரு வருசம். அவுங்களும் இல்ல, இவரும் இல்லன்னா அதுல என்னா தெரியுது?”

“கேங்குல பொம்பளைக ஏதும்மா. அவுங்களுக்கு வேற கேட் இருக்கும்.”

சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு ஃபாரத்தைக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

ஆனால் என் கிழவி ஏன் வரவில்லை? அத்தனை தூரம் போயிருக்கிறேன். எட்டிப் பார்த்திருக்கலாம்.

ஜூன் 6, வியாழன்

நாலு துளி மழை. மண் வாசம் வந்தது, அவ்வளவுதான்.

கதை கேட்கிறவர்கள் எல்லாரும் நான் போன இடத்துக்கு ஒரு பேர் வைக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா, கோயில் பூசை முடிந்து வந்து: “அது ராயப்பர்தான் அண்ணே. மோட்ச வாசல்ல அவருதான் நிப்பாரு. கையில சாவி இருந்திச்சா?”

“பென்சில் இருந்திச்சு.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நாக்குல தொட்டுத் தொட்டு எழுதினான் அக்கா. ராயப்பரு அப்பிடிச் செய்வாரா?”

கோபித்துக்கொண்டு போனாள். கொண்டுவந்த பாண் ரொட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். நல்ல மனுசி.

அம்மன் கோயிலுக்குப் போனேன், ஐயர் வேறு சொன்னார். “பேர் மாறிப்போச்சு. வேற ஒரு பெருமாளைக் கொண்டுபோக வந்த தூதன் உங்களைக் கொண்டுபோயிட்டான். பிழை தெரிஞ்சு திருப்பி விட்டிருக்கான்.”

“அப்ப எனக்குப் பதிலா ஒருத்தன் போயிருப்பானா சாமி?”

“போயிருப்பான். கணக்கு நிக்காது.”

கையில் விபூதி. வீடு வரும்வரை நெற்றியில் பூசவில்லை.

மாடி அறை மாஸ்டர் யாழ்ப்பாணத்து ஆள். ஓய்வு பெற்றவர். சாமி நம்பிக்கை இல்லை. “ஐயா, அந்த நேரம் உங்கட மூளைக்கு ரத்தம் போகேல்லை. அதுதான் உந்தக் காட்சி எல்லாம். நீங்கள் வேலை செய்த இடத்தைத்தான் கண்டனீங்கள். ஒரு டிரைவர் செத்தால் பஸ் ஸ்டாண்டைக் காணுவான்.”

“குரல்?”

“அதுவும் உங்களுக்குள்ள இருந்ததுதான்.”

சரி என்றேன். கதவு வரை போனவர் திரும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய அம்மா ஊரைவிட்டுச் சனத்தோடு வெளிக்கிட்டது போன ஐப்பசியில். பிறகு கடிதம் இல்லை.

“வெள்ளைச் சீலை கட்டின, கொஞ்சம் கூனின ஒரு மனுசி… அங்க எங்கயும் நிக்கேல்லைத்தானே?”

“இல்ல மாஸ்டர். பொம்பளைக யாரும் இல்ல.”

“ஓம் ஓம். சும்மா கேட்டனான்.”

மூன்று பேர் மூன்று விதம். ஒருவர்கூட, அந்தக் குரல் யாருடையது என்று கேட்கவில்லை.

எனக்குக் குரல் கொடுக்கக்கூடியவன் அந்த கேங்கில் ரெண்டே பேர். ஒருத்தன் பபிலிஸ். முகத்துவாரத்துக்காரன், கூட்டாளி. எனக்கு அவன், அவனுக்கு நான், முப்பது வருடம்.

மற்றவன் சந்திரன். பத்தொன்பது வயதில் மூன்று மாதம் நாள் சம்பளத்துக்கு எங்களோடு வந்தான். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், பிந்திவிட்டேன். பபிலிஸும் வரவில்லை. சந்திரன்தான் என் பேருக்கு “இன்னவா” என்றானாம், என்னைப் போலவே தொண்டையைக் கனைத்துவிட்டு. பிறகு அவன் பேரைக் கூப்பிட்டதும் இன்னொரு “இன்னவா”. கங்காணி சொன்னது: “ஒரு தொண்டையில ரெண்டு ஆளாடா?” கேங் முழுக்கச் சிரித்ததாம்.

அதனால்தான் முழுசாக எழுதுகிறேன். குரல் பபிலிஸுடையது என்றால் பபிலிஸ் செத்திருக்க வேண்டும். அப்படி என்றால் என் பிள்ளை இருக்கிறான்.

பபிலிஸ் செத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எழுதியும்விட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

வெயில். கால் வீக்கம் குறைவு.

காலை மீன்காரன் வந்தான், முகத்துவாரத்துப் பையன்தான். சாளை மீன் எடுத்தேன். மெதுவாகக் கேட்டேன்.

“கோயில் பக்கத்து வரிசையில பபிலிஸ்னு ஒரு வயசாளி. இருக்காரா?”

“யாரு, துறைமுகத்துல வேலை செஞ்ச தாத்தாவா? அந்த வீட்டுல வெசாக் பண்டிகை கழிஞ்ச வாரம் வெள்ளைக் கொடி கட்டி இருந்திச்சே. சாவு வீடு.”

“அவருக்கா?”

“வேற யாரு இருக்கா அங்க? கெழவருதான் இருக்கும்.”

வெசாக் கழிந்த வாரம் என்றால் நான் விழுவதற்குப் பத்து நாள் முன்னாடி. கணக்கு ஒத்து வருகிறது. பபிலிஸ் எனக்கு முன்னால் போய் வரிசையில் நின்றிருக்கிறான். என் தொண்டை அடைத்ததும் வழக்கம்போல் கொடுத்திருக்கிறான்.

சந்தோசப்பட்டேன். கூட்டாளி செத்ததற்கு. மீனை ஆய்ந்துகொண்டே அழுதேன், அது எதற்கு என்று தெரியவில்லை. ரெண்டுக்கும் இருக்கும்.

ராணி வந்து சட்டியைத் திறந்து, “என்னா மாமா, இன்னைக்கு விசேசமா?” என்றாள். சும்மா என்றேன். பொட்டு வியர்வையில் கரைந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று திருப்பி வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ‘இருக்கும்’ என்றுதான் சொன்னான் மீன்காரன். மீன்காரன் பேச்சை வைத்து ஒரு பெண்ணைக் காலம் முழுக்க உட்கார வைக்க முடியாது. நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். செத்தவன் வீட்டில் துக்கம் கேட்டுவிட்டு வந்து ராணியிடம் எல்லாவற்றையும் சொல்வேன், குரலையும். நான் நினைத்தபடி இல்லாவிட்டாலும் சொல்வேன். அம்மன் சத்தியம். எழுதிவிட்டேன்.

ஜூன் 8, சனி

மூடல். காற்று கடலில் இருந்து.

கொண்டுபோனது: அடையாள அட்டை, மாத்திரை, துக்க வீட்டுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட், சீனி ஒரு கிலோ. பஸ்ஸை விட்டு இறக்கி செக்பொயிண்டில் ஆமிக்காரன் கேட்டது:

“கொஹெத யன்னே, சீயா?” எங்கே போகிறாய், தாத்தா.

“மரண வீட்டுக்கு,” என்றேன் சிங்களத்தில்.

அட்டையில் பேரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விட்டான். கிழவனுக்கு அந்த ஒரு வசதி.

கோயில் பக்கத்து வரிசை. ஆறாவது வீடு. கொடி கட்டின கயிறு இன்னும் தொங்குகிறது, கொடி இல்லை. கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. அடுத்த வீட்டில் யாரும் இல்லை கேட்க.

யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. செத்தவன் வீட்டு வாசலில் நின்று அவன் பேரைத்தான் கூப்பிட வந்தது.

“பபிலிஸ்!”

பதில் இல்லை. பதில் வரக்கூடாது என்று நின்றேன். கங்காணி மாதிரி ரெண்டாம் தரம் கூப்பிட்டேன்.

“பபிலிஸ்!”

உள்ளே இருந்து, இருமலோடு: “இன்னவா.”

சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தான். பல் இல்லை. ஒரு கண் வெள்ளை. என்னைக் கண்டதும் கத்தினான்.

“அடோ பெருமாள்! நீ செத்துனு சொன்னாங்க மச்சாங்!”

“உன்னையும்தான் சொன்னாங்க.”

“நான் இல்ல. நோனா. எங்க நோனா போச்சு.” விரலால் சுவரைக் காட்டினான். சுவரில் அவன் பெண்சாதி படம், முன்னால் சின்ன பல்ப். கரண்ட் இல்லாததால் எரியவில்லை. “ஐம்பத்தி ஒரு வருசம் மச்சாங். இப்ப வீட்டுல கூப்புட ஆள் இல்ல. நீ கூப்புட்ட உடனே பயம் வந்துச்சு. அதுதான் முதல் தரம் பேசல்ல.”

பிளேன்டீ ஊற்றித் தந்தான். சீனி நான் கொண்டுபோனது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மகனைக் கேட்டான். தெரியாது என்றேன். அவன் நிலத்தைப் பார்த்தான்.

அவன் சாகவேண்டும் என்று வந்தவன் நான் என்று சொல்லவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் தொட்டு ஊட்டிவிட்டேன்.

திரும்பும் வழி முழுக்க கேட்டில் நின்றவர்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.

சூசைக் கங்காணி, சர்க்கரை வியாதி.
கறுப்பையா, கப்பல் அடித்தட்டில் விழுந்தது.
ஹமீது, காய்ச்சல்.
வேலு, குடி.
ஜினதாச, தூக்கத்தில்.
நான், எந்தப் பக்கம் என்று தெரியாது. அங்கே என் பேருக்கு நேரே புள்ளி விழுந்துவிட்டது. இங்கே சும்மா நிற்கிறேன்.

சாயந்தரம் ராணி வந்தாள். அண்ணனுக்கு என்று அரிசி, தேங்காய் வாங்கி வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். கேட், தூறல், கோதுமை மாக் கால், குரல், எல்லாம் சொன்னேன். தேங்காயை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் மாமா இத முன்னாடியே சொல்லல?”

“யாரு குரலுன்னு தெரியாம எப்பிடிம்மா சொல்றது.”

“யாரு குரல் கொடுப்பாங்க உங்களுக்கு?”

“ரெண்டே பேரு. ஒன்னு நம்ம சந்திரன். ஒன்னு பபிலிஸ்.”

தேங்காயை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

“அந்தப் பபிலிஸ் ஐயா இப்ப இருக்காரா மாமா?”

நிலத்தைப் பார்க்கவில்லை நான். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “இன்னைக்குத்தாம்மா பாத்துட்டு வர்றேன். பபிலிஸ் இருக்கான்.”